நடுக்கம் நின்ற பிறகும் ஏக்கம் ஏன் நிற்பதில்லை: ஓப்பியாய்டு பழக்கமும் மூளையின் நரம்பிணைப்புகளும்

ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு வர முயல்பவரின் குடும்பத்தார், பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும், மருத்துவரிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “பத்து நாளு வீட்டுலயே வெச்சிருந்தோம் டாக்டர். வாந்தி, நடுக்கம், தூக்கமில்லாம கெடந்தது எல்லாம் பட்டுத் தேறிட்டான். வேலைக்குக்கூடப் போனான். மூணு மாசம் கழிச்சு ஏன் மறுபடியும் எடுத்தான்?” இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் விடை, அவனுக்கு மன உறுதி போதவில்லை என்பதுதான். கோயிலில் சத்தியம் செய்தவன் அதை மீறிவிட்டான் என்பதால் கோபமும் அவமானமும் சேர்ந்துகொள்கின்றன.

நரம்பியல் தரும் விடை வேறு. உடல் நடுக்கம் அடங்குவதும் மூளை பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளில், வெவ்வேறு வகை மாற்றங்களால், வெவ்வேறு கால அளவில் நிகழ்பவை. முதலாவது பத்து நாளில் முடிந்துவிடலாம். இரண்டாவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், சிகிச்சை ஏன் நீண்டகாலம் தேவைப்படுகிறது என்பதும், வீடு திரும்பிய முதல் வாரங்கள் ஏன் ஆபத்தானவை என்பதும் தாமே விளங்கும். அதைப் புரிந்துகொள்ள, இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்வரை இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

நரம்பணுக்கள் பேசிக்கொள்ளும் இடம்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒரு நரம்பணுவின் நுனிக்கும் அடுத்ததன் பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான இடைவெளி இருக்கிறது. இந்தச் சந்திப்பையே சினாப்ஸ் அல்லது நரம்பிணைப்பு என்கிறோம். முதல் அணுவில் மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் அதன் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் இடைவெளிக்குள் வெளியாகிறது. மறுபுறத்தில் உள்ள ஏற்பிகள் என்னும் புரதங்களில் அது பொருந்துகிறது. அதன் விளைவாக இரண்டாவது அணு தூண்டப்படவோ அடக்கப்படவோ செய்கிறது. தூண்டும் வேலையைப் பெரும்பாலும் குளுட்டமேட்டும், அடக்கும் வேலையைப் பெரும்பாலும் காபாவும் செய்கின்றன. டோபமின் போன்றவை இவ்விரண்டின் போக்கையும் கூட்டியும் குறைத்தும் திருத்துகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நரம்பிணைப்பின் வலு நிலையானது அன்று. திமோத்தி பிளிஸ், தெரியே லோமோ ஆகிய இருவரும் முயலின் மூளையில் செய்த ஆய்வை 1973இல் வெளியிட்டபோது, ஒரு பாதையை அடுத்தடுத்து வேகமாகத் தூண்டினால் அங்குள்ள நரம்பிணைப்புகள் வலுப்பெற்று, அந்த வலு மணிக்கணக்கில் நீடிக்கிறது என்பது தெரியவந்தது. எதையேனும் கற்பது என்பது, அணுக்களின் மட்டத்தில், இவ்வாறு சில இணைப்புகள் வலுப்பதும் சில தளர்வதுமே ஆகும்.

வலுவைத் தீர்மானிப்பதில் குளுட்டமேட்டின் இரு வகை ஏற்பிகளுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. ஆம்பா எனப்படும் ஏற்பி குளுட்டமேட் வந்த உடனே திறந்து, மின்னோட்டத்தை உள்ளே விடுகிறது. அன்றாடச் செய்திப் பரிமாற்றம் இதன் வழியாகவே நடக்கிறது. என்.எம்.டி.ஏ. எனப்படும் மற்றொன்றின் வாயை அமைதி நிலையில் மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். அணு ஏற்கனவே ஓரளவு தூண்டப்பட்டிருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதை என்.எம்.டி.ஏ. ஏற்பி இவ்வாறு கண்டுகொண்டு, கால்சியத்தை உள்ளே விட்டு, மேலும் ஆம்பா ஏற்பிகள் அந்த இடத்தில் பதியக் காரணமாகிறது. ஆம்பா கூடினால் இணைப்பு வலுக்கிறது, குறைந்தால் தளர்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி அனைத்தும் எளிது.

வெகுமதிச் சுற்றும் அதன் காவலும்

அபினும் அதிலிருந்து பெறப்படும் மார்ஃபினும் மூளையில் எதைத் தொடுகின்றன என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. பினாங்கில் அபின் விற்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலிருந்தே குத்தகைக்கு விடப்பட்டு, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பெரும்பங்கு அதிலிருந்தே வந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அந்தக் கருநிறப் பசை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். 1973இல்தான் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அபின், மார்ஃபின், ஹெராயின் போன்ற, ஓப்பியாய்டுகள் எனப்படும் பொருள்களுக்கென்றே மூளையில் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்கு மனித மூளையில் ஏற்பி ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் 1975இல் விடை கண்டார்கள்: என்கெஃபலின் என்னும் ஓப்பியாய்டை மூளை தானே சுரக்கிறது. வலியைத் தணிக்கவும், பதற்றத்தை ஆற்றவும், குழந்தைக்குத் தாயின் அணைப்பில் நிம்மதி பிறக்கவும் இந்த அமைப்பு துணை நிற்கிறது. ஹெராயின் நுழைவது இந்த இயல்பான வாசலின் வழியாகத்தான்.

இந்த ஏற்பிகளில் மியூ என்ற வகையே போதைக்கு முதன்மையானது. அது மூளையின் பல இடங்களில் இருக்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கிறது. ஆனால் பழக்கம் வேரூன்றும் இடம் வெகுமதிச் சுற்று என்று அழைக்கப்படும் வலையமைப்பு ஆகும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் 1954இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் சில இடங்களில் மின்முனை பொருத்தப்பட்ட எலிகள், அந்த இடத்துக்கு மின்தூண்டல் கிடைப்பதற்காகவே நெம்புகோலை ஓயாமல் அழுத்தின. பின்வந்த ஆய்வுகள் அந்தச் சுற்றின் அச்சைத் தெளிவாக்கின. நடுமூளையின் அடியில் வி.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறு பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகள் முன்மூளையின் ஆழத்தில் உள்ள அக்கம்பென்ஸ் என்னும் கருவை அடைகின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள முன்புறணி, நினைவுகளைக் கையாளும் ஹிப்போகேம்பஸ், அச்சத்தை எடைபோடும் அமிக்டலா, புலன்களின் செய்திகளை அனுப்பிவைக்கும் தலாமஸ் ஆகிய நான்கிலிருந்தும் குளுட்டமேட் இழைகள் அதே அக்கம்பென்ஸில் வந்து சேர்கின்றன. எந்த இடம், எந்த நினைவு, எந்த உணர்ச்சி என்ற செய்தியைக் குளுட்டமேட் கொண்டுவர, இது முக்கியம் என்ற முத்திரையை டோபமின் வைக்கிறது.

டோபமினை இன்பம் தரும் பொருள் என்று பத்திரிகைகள் எழுதுவது முழு உண்மையன்று. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் அணுக்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், அவை விளக்குக்குத் துடித்தன, சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் இருந்த துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் டோபமின் அறிவிக்கிறது. கிடைப்பது எதிர்பார்ப்புக்கு ஈடாகிவிட்டால் கற்றல் நின்றுவிடும். உணவானாலும் பாராட்டானாலும் இயல்பான வெகுமதி எதுவும் அளவின்றி நம்மை ஆட்கொள்ளாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

ஓப்பியாய்டு இந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. வி.டி.ஏ.வில் உள்ள டோபமின் அணுக்களை அருகிலுள்ள காபா அணுக்கள் இடைவிடாமல் அடக்கிவைத்திருக்கின்றன. மியூ ஏற்பிகள் பெருமளவில் இருப்பது இந்தக் காபா அணுக்களின் மீதுதான். ஸ்டீவன் ஜான்சனும் ஆலன் நார்த்தும் 1992இல் காட்டியபடி, ஓப்பியாய்டு காபா அணுக்களை அடக்குகிறது. அடக்குபவர் அடங்கியதும் டோபமின் அணுக்கள் கட்டவிழ்ந்து துடிக்கின்றன. எதிர்பார்ப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்தத் துடிப்பு குறைந்துவிடுவதில்லை, ஏனெனில் அது கணக்குப் பார்த்து வந்த துடிப்பே அன்று. வேதிப்பொருள் நேரடியாக உண்டாக்கியது. எனவே நூறாவது முறையும், நீ எதிர்பார்த்ததைவிட இது மேலானது என்ற பொய்ச் செய்தியே அக்கம்பென்ஸை அடைகிறது. கற்றல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தொடர்கிறது. ஓப்பியாய்டு பழக்கத்தின் மையம் இதுவே என்பது என் எண்ணம். ஹெராயின் மார்ஃபினைவிட விரைவாக மூளைக்குள் புகுந்து அங்கே மார்ஃபினாகவும் அதன் நெருங்கிய உறவுப்பொருளாகவும் மாறுவதால், செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான நேரம் சுருங்கி, இந்தத் தவறான பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது.

மலேசியாவின் வடமாநிலங்களில் பலரும் அறிந்த கெத்தும் மரத்தின் இலையில் உள்ள மித்ராகைனின் என்னும் பொருளும் இதே மியூ ஏற்பியைத்தான் தொடுகிறது, ஆனால் பகுதியளவே தூண்டுகிறது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள போதைப்பொருள் ஆய்வு மையம் இதை நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறது. இலைதானே என்று எண்ணிக் கெத்தும் நீரை நாள்தோறும் பலமுறை குடிப்பவருக்கும், அதை நிறுத்தியதும் எழும் விலகல் அறிகுறிகள் தோன்றுவதன் காரணம் இந்த ஏற்பிதான்.

நரம்பிணைப்புகளில் மாறுவது என்ன

மாற்றம் முதல் தடவையிலேயே தொடங்குகிறது. எலிகளுக்கு ஒரே ஒரு முறை மார்ஃபின் செலுத்தி ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, டோபமின் அணுக்களின் மீதுள்ள குளுட்டமேட் இணைப்புகளில் ஆம்பாவின் பங்கு கூடியிருந்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வு கொக்கேய்ன், நிக்கோட்டின், மது ஆகியவற்றுக்கும் இதே விளைவைக் கண்டது. 2007இல் வெளியான மற்றொரு ஆய்வு, ஒரு முறை கொடுத்த மார்ஃபின், அதே அணுக்களின் மீதுள்ள காபா இணைப்புகள் வலுப்பெறும் ஆற்றலை மறுநாளும் முடக்கி வைத்திருந்ததைக் காட்டியது. அதாவது தூண்டும் பக்கம் வலுத்தது; அடக்கும் பக்கம் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறனை இழந்தது. மருந்தின் தடயம் உடலை விட்டு நீங்கிய பின்னும் இந்த நிலை நீடித்தது.

இதைப் படித்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ புற்றுநோய் வலிக்கோ மருத்துவர் மார்ஃபின் தரும்போது அஞ்சி மறுத்துவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளின் மாற்றங்கள் தாமே அடிமைத்தனம் ஆகிவிடுவதில்லை. கடும் வலிக்கு மருத்துவக் கண்காணிப்பில் மார்ஃபின் பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு அடிமையாவதில்லை. நம் வீடுகளில் எத்தனையோ முதியவர்கள் இந்த அச்சத்தினால் வேண்டாத வலியைச் சுமந்துகொண்டே கண்மூடியிருக்கிறார்கள்.

பழக்கம் தொடரும்போது மாற்றம் அக்கம்பென்ஸுக்கு நகர்கிறது. அங்குள்ள அணுக்களில் பெரும்பாலானவை இரு வகைப்படும்: டோபமினுக்கான ஏற்பிகளில் டி-1 உடையவை, டி-2 உடையவை. சுருக்கமாகச் சொன்னால், டி-1 வகை ஒன்றை நாடிச் செல்லத் தூண்டுவதோடும், டி-2 வகை பெரும்பாலும் தயங்கி விலகுவதோடும் தொடர்புடையவை. உண்மையில் இந்தப் பிரிவினை இவ்வளவு நேரானது அன்று என்றாலும், தொடக்கநிலை வாசகருக்கு இது போதும். இந்த அணுக்களின் கிளைகளில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சிறு மொட்டுகள் இருக்கின்றன. குளுட்டமேட் இணைப்புகள் பெரும்பாலும் இந்த மொட்டுகளின் தலையில்தான் அமைகின்றன. டெர்ரி ராபின்சனும் பிரையன் கோல்பும் எலிகளில் எண்ணிப் பார்த்தபோது, கொக்கேய்ன் போன்ற கிளர்ச்சியூட்டிகள் இந்த மொட்டுகளைக் கூட்டியிருந்தன, மார்ஃபினோ குறைத்திருந்தது. 1999இல் வெளியான இந்த முடிவு ஒரு புதிராகவே இருந்தது. இரண்டும் அடிமையாக்குபவை என்றால், ஒன்று கூட்டுவதும் மற்றது குறைப்பதும் எப்படி?

2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் புதிரைப் பெரிதும் அவிழ்த்தது. அதன் கருப்பொருள், ஊமை இணைப்புகள் எனப்படுபவை. ஒரு நரம்பிணைப்பில் என்.எம்.டி.ஏ. ஏற்பி மட்டும் இருந்து ஆம்பா ஏற்பி இல்லாவிட்டால், அங்கே குளுட்டமேட் வந்து சேர்ந்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. மக்னீசியம் வாயை அடைத்திருக்கும், அதை விலக்கத் தேவையான தூண்டலைத் தர ஆம்பாவும் இல்லை. இணைப்பு இருக்கும், பேச்சு இருக்காது. கொக்கேய்ன் டி-1 அணுக்களில் புதிதாக இத்தகைய ஊமை இணைப்புகளை முளைக்கச் செய்கிறது. அவை பின்னர் ஆம்பாவைப் பெற்று வாய் திறக்கின்றன. மார்ஃபின் நேர்மாறாக வேலை செய்கிறது. ஏற்கனவே வளர்ந்து முதிர்ந்து, நன்றாகச் செயல்பட்டுக்கொண்டிருந்த டி-2 அணுக்களின் இணைப்புகளிலிருந்து ஆம்பாவைப் பறித்து அவற்றை ஊமையாக்குகிறது. ஊமையான இணைப்புகளில் பல பின்னர் அடியோடு மறைகின்றன. நாடு என்று சொல்லும் பக்கத்தை ஒன்று கூட்டுகிறது, தயங்கு என்று சொல்லும் பக்கத்தை மற்றது குறைக்கிறது. இரண்டு வழிகளிலும் தராசு ஒரே பக்கமாகச் சாய்கிறது. அந்த ஆய்வின் மிக முக்கியமான பகுதி இதற்கு அடுத்ததுதான்: ஊமையான இணைப்புகள் மறைந்துபோவதைத் தடுத்தபோது, மார்ஃபின் கிடைத்த இடத்தை எலிகள் நாடும் பழக்கமும் விரைவில் தளர்ந்தது. பழக்கத்தின் பிடிவாதம் இந்த இணைப்புகளின் இழப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வு, தலாமஸின் நடுக்கோட்டில் உள்ள ஒரு கருவிலிருந்து டி-2 அணுக்களுக்கு வரும் இணைப்புகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. மார்ஃபினைச் சார்ந்துவிட்ட எலிகளில் இந்தக் குறிப்பிட்ட பாதை வலுத்திருந்தது. விலகலின்போது ஏற்படும் அருவருப்பும் வேதனையும் அதன் வழியாகவே வந்தன. ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் முறையைக் கொண்டு அந்த இணைப்புகளின் வலுவைக் குறைத்தபோது வேதனையின் அறிகுறிகள் தணிந்தன. முந்தைய பத்தியில் டி-2 இணைப்புகள் தளர்வதாகச் சொல்லிவிட்டு இங்கே வலுப்பதாகச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஒரே அணுவுக்குப் பல திசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகள் வருகின்றன. ஒரு திசையில் தளர்வதும் மறு திசையில் வலுப்பதும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. ஓப்பியாய்டு மூளையைக் கெடுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வது போதாது என்பதற்கு இதுவே காரணம். அது எந்தப் பாதை, எந்த அணு, எந்த ஏற்பி என்று தேர்ந்து மாற்றியிருக்கிறது.

அணுக்கருவுக்குள்ளும் மாற்றம் நிகழ்கிறது. டெல்டா-ஃபாஸ்-பி என்னும் புரதம் மீண்டும் மீண்டும் போதை ஏறும்போது அக்கம்பென்ஸ் அணுக்களில் சேர்ந்துகொண்டே போகிறது; சிதைய வாரக்கணக்கில் ஆவதால், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அது நெடுநாள் மாற்றி வைத்திருக்கிறது. வி.டி.ஏ.வின் டோபமின் அணுக்கள் தொடர்ந்த மார்ஃபினால் சுருங்குவதை எலிகளிலும், ஹெராயின் பயன்படுத்தி இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் கண்டிருக்கிறார்கள். இயல்பான மகிழ்ச்சிகள் சப்பென்று ஆகிவிடுவதாக மீண்டு வருபவர்கள் சொல்வதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடுக்கம் வேறு, ஏக்கம் வேறு

இனி, அந்தப் பத்து நாள் துன்பத்துக்கு வருவோம். அது நிகழ்வது முதன்மையாக மூளைத்தண்டின் லோக்கஸ் செருலியஸ் என்னும் சிறு கருவிலும் அதைப் போன்ற பகுதிகளிலும் ஆகும். அங்குள்ள அணுக்கள் நோரட்ரினலின் சுரந்து உடலை விழிப்பாக வைத்திருப்பவை. மியூ ஏற்பி தூண்டப்படும்போது அணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் குறைந்து, அணு அடங்குகிறது. ஆனால் ஓப்பியாய்டு நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால், அணு தன் இயல்பான வேகத்தை மீட்க அந்தத் தூதுப்பொருளை உண்டாக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. பிரேக்கை ஒருவர் விடாமல் அழுத்திப் பிடித்திருக்க, மோட்டார் சைக்கிள் நகர வேண்டுமே என்று எண்ணெயை மேலும் மேலும் முறுக்கிக்கொண்டே போவதைப் போன்றது இது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதவில்லை என்பது இந்த நிலையின் ஒரு முகம். திடீரென்று பிரேக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அதன் மறுமுகம்.

கடைசியாக ஹெராயின் எடுத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், விரிந்த கண்மணி, கோழியின் தோல்போல் புல்லரித்த சருமம், வயிற்றுப்போக்கு, கால்களை வைத்த இடத்தில் வைக்க முடியாத துடிப்பு எல்லாம் தோன்றுகின்றன. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. பெருகிய நொதிகள் மெல்லக் குறைந்து பழைய அளவுக்கு வருவதற்கு ஆகும் காலம் அது. குடும்பத்தார் கண்ணால் கண்டதும், வென்றுவிட்டான் என்று நம்பியதும் இந்த மாற்றத்தின் முடிவைத்தான். அக்கம்பென்ஸில் ஊமையாகி மறைந்த இணைப்புகளை இந்தப் பத்து நாள்கள் திருப்பித் தருவதில்லை.

எனவே, மூன்று மாதம் கழித்து ஒரு மாலையில் பினாங்கின் கொம்தார் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, முன்பு பொருள் வாங்கிய சந்தின் முனையும், அந்த நேரத்து வெளிச்சமும், பழைய நண்பனின் முகமும் ஒருசேரத் தென்பட்டால், ஹிப்போகேம்பஸிலிருந்தும் அமிக்டலாவிலிருந்தும் வரும் வலுப்பெற்ற இணைப்புகள் அக்கம்பென்ஸைத் தூண்டுகின்றன. அந்த மனிதர் எதையும் தீர்மானிப்பதற்கு முன்பே உடல் வேர்க்கிறது, வாய் ஊறுகிறது, வயிறு பிசைகிறது. தயங்கு என்று சொல்ல வேண்டிய முன்புறணியின் இணைப்புகளோ தளர்ந்திருக்கின்றன. உறுதியே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. உறுதி எந்த இணைப்புகளின் வழியாகச் செயல்பட வேண்டுமோ, அந்த இணைப்புகளே பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் பொருள். விலங்குகளில், பொருளை நிறுத்திய முதல் நாளைவிடச் சில வாரங்கள் கழித்தே, பொருளை நினைவூட்டும் தூண்டுகுறிகளுக்கு ஏக்கம் கூடுதலாக எழுவதையும் கண்டிருக்கிறார்கள். நாள் ஆக ஆகத் தானே சரியாகிவிடும் என்று நாம் எண்ணுவதற்கு இது நேர்மாறானது.

சூழல் எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். கனடாவின் ஷெப்பர்ட் சீகலும் உடனாய்வாளர்களும் 1982இல், எலிகளை ஓர் அறையில் ஹெராயினுக்குப் பழக்கிவிட்டு, பின்னர் மிகையளவு கொடுத்தார்கள். பழகிய அறையிலேயே கொடுத்தபோது 32 விழுக்காடு இறந்தன. அதே அளவை வேறு அறையில் கொடுத்தபோது 64 விழுக்காடு இறந்தன. பழக்கமே இல்லாதவற்றில் 96 விழுக்காடு இறந்தன. தாங்கும் திறனின் ஒரு பகுதி இடத்தோடு சேர்த்துக் கற்கப்பட்டதாக இருந்தது. மற்றொன்று மனிதர்களைப் பற்றியது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தபோது, நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் மிகச் சிலரே. பொருளோடு பிணைந்திருந்த இடமும் ஆட்களும் ஒரே நாளில் கடலுக்கு அப்பால் போய்விட்டதை இதற்கான காரணங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். கோலாலம்பூரின் சௌக்கிட்டிலோ பினாங்கின் ஜார்ஜ் டவுனிலோ பழகிய ஒருவர் சிகிச்சைக்குப் பின் அதே தெருவுக்குத் திரும்பும் நிலையில் இந்த வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. நரம்பிணைப்பின் மாற்றம் தலைவிதி அன்று என்பதையும் அந்த வீரர்கள் காட்டினார்கள்.

மருந்து செய்யும் வேலை

ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோனும் ஓர் ஓப்பியாய்டுதான். மியூ ஏற்பியைத்தான் தூண்டுகிறது. வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1960களின் நடுவில் நியூயார்க்கில் அதைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். மலேசிய அரசாங்கம் 2005இல் மெத்தடோன் திட்டத்தைத் தொடங்கியது. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதாரக் கிளினிக்குகளிலும் அது கிடைக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் வரிசையில் நின்று, மருந்தாளர் அளந்து ஊற்றும் சிறு கோப்பையை அவர் கண்ணெதிரிலேயே குடித்து, விழுங்கியதற்கு அடையாளமாக இரண்டு சொல் பேசிவிட்டு நகரும் மனிதர்களில் லாரி ஓட்டுநரும் உண்டு, தோட்டத்தில் வேலை செய்பவரும் உண்டு.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் பலர். ஹெராயின் ஒரு நாளில் பலமுறை உச்சத்துக்கு ஏறி, பலமுறை விலகலுக்குள் விழுகிறது. ஒவ்வொரு ஏற்றமும் டோபமின் வழியாக ஒரு பாடத்தைப் பதிக்கிறது, ஒவ்வொரு வீழ்ச்சியும் தலாமஸின் பாதை வழியாக வேறொரு பாடத்தைப் பதிக்கிறது. வாயால் அருந்தும் மெத்தடோன் மெதுவாக ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஒரே சீராக நிற்கிறது. அளவு சரியாக இருந்தால் ஏற்றமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை; எனவே புதிதாகப் பதிய எதுவும் இல்லை. உடல் ஏற்கனவே மெத்தடோனுக்குப் பழகித் தாங்கும் திறன் பெற்றிருப்பதால் இடையில் யாரேனும் ஹெராயின் எடுத்தாலும் எதிர்பார்த்த போதை கிட்டுவதில்லை. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் பியூப்ரினார்ஃபின் என்னும் மற்றொரு மருந்து ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டு, ஆனால் பகுதியளவே தூண்டுவதால், மூச்சை அடக்கும் ஆபத்து அதில் குறைவு.

இந்த அமைதியில்தான் மற்ற இணைப்புகளுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. பழைய தூண்டுகுறிகளை எதிர்கொண்டும் எடுக்காமல் இருப்பதை ஆலோசனையின் துணையோடு பயிலும்போது, பழைய பதிவு அழிவதில்லை. அதை அடக்கும் புதிய இணைப்புகள் முன்புறணியில் தொடங்கி உருவாகின்றன. அவை வலுப்பெறத் திரும்பத் திரும்பப் பயில வேண்டியிருக்கிறது. கடும் மன அழுத்தமோ பழைய இடமோ குறுக்கிட்டால் அடங்கியிருந்தது மீண்டும் தலைதூக்கலாம். மெத்தடோனை ஆறு மாதத்தில் நிறுத்திவிடச் சொல்லி வீட்டார் வற்புறுத்துவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரும் அவரும் சேர்ந்து, மாதக்கணக்கில் மெல்லச் செய்ய வேண்டியவை. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்வதே பாதுகாப்பு.

மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வீட்டுக்கு வருபவரின் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. உள்ளே இருந்த மாதங்களில் மூளைத்தண்டின் அணுக்கள் தாங்கும் திறனை இழந்துவிட்டிருக்கும். ஏக்கத்தைச் சுமக்கும் அக்கம்பென்ஸின் மாற்றங்களோ அப்படியே இருக்கும். முன்பு எடுத்த அளவையே மீண்டும் எடுத்தால், மூச்சை நடத்தும் பகுதியால் அதைத் தாங்க முடிவதில்லை. வெளியே வந்த முதல் சில வாரங்களில் மிகையளவால் இறப்போர் பல நாடுகளிலும் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வெளியேறும் நாளிலிருந்தே மெத்தடோனைத் தொடர ஏற்பாடு செய்வது இந்த இறப்புகளைக் குறைக்கிறது. உதடு நீலம் பாய்ந்து, மூச்சு நிமிடத்துக்குச் சில முறையே வந்து, எழுப்பியும் எழாமல், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தால், மலேசியாவில் 999 என்ற அவசர எண்ணை உடனே அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சே நின்றிருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் தரப்படும் நலோக்ஸோன் என்னும் மாற்று மருந்து மியூ ஏற்பியிலிருந்து ஹெராயினைச் சில நிமிடங்களில் விலக்கிவிடும். அதன் வேலை ஒரு மணி நேரம் அளவிலேயே தேய்ந்துவிடக்கூடும் என்பதால், கண்விழித்து எழுந்தவரை உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.